நகரும் சந்துக்குப் பிள்ளையார்

என் குடோனில் ஆறு அலமாரிகளும் ஒரு சந்தும் இருக்கின்றன. சந்தில் ஏகாம்பரம் குடும்பத்தோடு குடியிருக்கிறான்.

எனக்குக் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற தொழில். அண்டா, தவலை, வாளி, கரண்டி. வைக்க இடம் போதவில்லை. தரையில் தண்டவாளம் போட்டுச் சக்கரம் வைத்த அலமாரிகளை இறக்கினேன். ஆறும் ஒட்டி நிற்கும். கைச்சக்கரத்தைச் சுற்றினால் வேண்டிய இடத்தில் விலகி வழி விடும். ஒரு நேரத்தில் ஒரு வழிதான். அந்தப் பக்கம் உயரமாக ஒன்று, இந்தப் பக்கம் உயரமாக ஒன்று, நடுவில் வழி. எங்கள் ஊரில் அதற்குப் பேர் சந்து. சந்து என்று இருந்தால் ஆள் வரத்தான் செய்யும். அலமாரி இறங்கிய வாரமே ஏகாம்பரம் இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னாலேயே மனைவியும் மகள் லோசனியும் வந்தார்கள். மறுநாள் வாசலில் கோலம்.

நான் கரண்டி எடுக்கச் சக்கரத்தைச் சுற்றினால் சந்து இடம் மாறும். அவர்களும் கூடவே மாறுவார்கள்.

"முதலாளி, சுத்தப் போறீங்களா?"

"ஆமா."

"பட்டுச் சட்டைல பெட்டிய வச்சிருக்கேன். மெதுவா."

எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. எனக்கும் அதற்கு மேல் பேசப் பிடிக்காது.

கெடுத்தது பின்சுவர்க்காரர்கள். தெரு போய் எந்த வீட்டில் முட்டுகிறதோ அந்த வீட்டுக்குத் தெருக்குத்து. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் சந்து முட்டுச்சந்து. பின்சுவரில் போய் முட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக வீடுகள். நான் தவலை எடுத்தால் வக்கீல் வீட்டில் விக்கல். வாளி எடுத்தால் தபால்காரர் வீட்டில் விக்கல். அண்டா எடுத்தால் பாட்டு வாத்தியாருக்கு. அவருடைய மாணவிகள் விக்கலையும் சேர்த்தே பாடம் பண்ணிவிட்டார்கள். மூன்று வீடும் கூடிப் புகார் கொடுத்தது.

கட்டட ஆய்வாளர் நிர்மலகுமாரி வந்தார். சின்ன வயசு. கையில் அளவு நாடா. அலமாரியை அண்ணாந்து பார்த்தார்.

"ஆள் உசரத்துக்கு மேல இருக்கு. அப்ப இது சுவர். ரெண்டு சுவருக்கு நடுவுல குடித்தனம் இருக்கு. அப்ப இது தெரு. தெரு முட்டுது. பிள்ளையார் எங்க சார்?"

"பாத்திர குடோன்ல பிள்ளையாருக்கு என்னம்மா வேலை?"

"குடோனுக்கு இல்ல சார், சந்துக்கு. முட்டுச்சந்து முனையில பிள்ளையார் இருக்கணும். இல்லேன்னா சந்தை மூடணும். கட்டட விதி."

மூடுவது சுலபம். அலமாரிகளை ஒட்டித் தள்ளிப் பூட்டு மாட்டினால் சந்து கிடையாது. சந்து போனால் ஏகாம்பரம் வீடும் போச்சு.

"அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். சரியா இருந்தா விட்டுடறேன். இல்லேன்னா அன்னிக்கே பூட்டு" என்றார்.

ஏகாம்பரம் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தான். "அம்மா, அந்த வெள்ளிக்கிழமைதான் எம் பொண்ணுக்குக் கல்யாணம். பொண்ணு வீட்லதான் தாலி கட்டணும்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாங்க. பத்திரிகைகூட அடிச்சாச்சு."

நானும் பார்த்திருந்தேன். விலாசம் சரியாகவே போட்டிருந்தான். 'தவலை அலமாரி அருகில், அல்லது வாளி அலமாரி அருகில், அல்லது அண்டா அலமாரி அருகில்.'

கல் பிள்ளையார் ஒன்று வாங்கிச் சந்து முனையில் வைத்தேன். சாயங்காலம் வாளி கேட்டு ஆள் வந்தது. சக்கரத்தைச் சுற்றினேன். அலமாரி பிள்ளையார் வரை வந்து நின்றுவிட்டது. இடித்துத் தள்ள அதற்கு மனசு வரவில்லை. எனக்கும்தான்.

ஆய்வாளரிடம் போனேன். "சந்து எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் ஒவ்வொரு பிள்ளையார் வச்சிடவா?"

"ஒரு சந்துக்கு ஒரு பிள்ளையார்தான் சார்."

ஏகாம்பரம் தன் வண்டியிலிருந்து சக்கரம் கழற்றிக் கொடுத்தான். பலகையில் பூட்டிப் பிள்ளையாரை ஏற்றினோம். சந்தோடு சேர்ந்து அவரும் அழகாக நகர்ந்தார். ஆய்வாளரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"இப்ப இவர் மூலவர் இல்ல சார். உற்சவர்."

"அதனால?"

"உற்சவர் நகர்ந்தா மேளம் வேணுமே."

அது நியாயம். மேளம் இல்லாமல் சாமியை யார் நகர்த்துவார்கள்? மேளத்துக்கு ஆள் சொல்லி அனுப்பினேன்.

தவில்காரர் உப்பிலியும் ஒரு நாயனக்காரரும் சந்தில் குடிவந்தார்கள். உப்பிலி கனத்த ஆள். முழங்கை இரண்டு பக்கமும் அலமாரியில் இடித்தது. மறுபடி பார்க்க வந்த ஆய்வாளர், அகலம் போதாது என்று நாடாவை எடுத்தார்.

"யோவ், அலமாரியப் பாத்துத் திரும்பி நில்லு" என்றேன். திரும்பினார். முழங்கை சந்தின் நீளத்தில் போய்விட்டது. "அப்படியே நண்டு மாதிரி நட." நடந்தார். ஆய்வாளர் நாடாவைச் சுருட்டினார்.

"நாப்பது வருசமா வாசிக்கிறேன், நண்டு மாதிரி நடந்து வாசிச்சதில்ல" என்றார் உப்பிலி.

"இப்ப வாசிச்சிட்டீரு. விடும்."

அதிலிருந்து ஒரு கரண்டி எடுப்பதென்றாலும் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி. நாயனம் எழும்பும், தவில் விழும், நான் சக்கரத்தைச் சுற்றுவேன், பிள்ளையார் முன்னால் போக எல்லோரும் பின்னால் நகர்வார்கள். வாளி வாடகைக்கு வந்தவர்கள் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வேண்டாத தவலையும் சேர்த்து எடுத்துப் போனார்கள். விக்கல் அடியோடு நின்றது. பாட்டு வாத்தியார் மட்டும் வந்து, விக்கல் இல்லாமல் தாளம் தப்புகிறது என்றார். செவ்வாய்க்கிழமை மட்டும் பிள்ளையாரைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன்.

ஒரு சங்கடம். மேளம் கேட்டால் என் கை தானாகச் சக்கரத்துக்குப் போகப் பழகிவிட்டது. தெருவில் யாரோ வீட்டு ஊர்வலம் போனாலும் சுற்றிவிடுவேன். ஏகாம்பரம் மனைவி குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு, "அது நம்ம மேளம் இல்லீங்க!" என்று கத்துவாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை நிர்மலகுமாரி வந்தார். சந்து முழுக்க வாழைமரம், தோரணம், சனம். பிள்ளையாரைப் பார்த்தார், மேளத்தைப் பார்த்தார். தலையாட்டினார்.

"எல்லாம் சரி சார். முழு பாரத்தோட ஒரு தடவை நகர்த்திக் காட்டுங்க. ஒண்ணும் சிந்தக்கூடாது. அதோட முடிஞ்சுது."

ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "முதலாளி, இன்னிக்கு மட்டும் சக்கரத்தைத் தொடாதீங்க. புரோகிதர் இடம் பாத்து மணை போட்டிருக்காரு. தாலி கட்டுற இடம் அசையக்கூடாதுன்னு சம்பந்தி வேற சொல்லியிருக்காரு."

"தொடலடா."

"சாப்பாட்டுக்கு அப்புறம் நகர்த்திக் காட்டட்டுமாம்மா?" என்று ஆய்வாளரைக் கேட்டேன்.

"சாப்பிட்டதும் சனம் கலைஞ்சிடும் சார். பாரம் எங்க இருக்கும்? நான் பூட்டை எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

காட்டினார். நல்ல கனமான பூட்டு. லோசனி மணையில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்தாள். பூவைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். ஆய்வாளருக்கு யாரோ டம்ளர் நிறையக் காப்பி கொடுத்தார்கள். சமையல்காரர் வேறு பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். "அய்யா, பாயசத்துக்குப் பெரிய அண்டா! அண்டா எங்கய்யா?" அண்டா ஐந்தாவது அலமாரியில். சந்து மூன்றாவதற்குப் பக்கத்தில். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

முகூர்த்தம் வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். புரோகிதர் விரலை ஆட்டிக் கத்தினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

உப்பிலி விளாசினார். என் கை போய்விட்டது.

சந்து நகர்ந்தது. பிள்ளையார் முன்னால் போனார். மணை, அக்கினி, பெண், மாப்பிள்ளை, வாழைமரம், அட்சதையோடு தூக்கிய கைகள், அத்தனையும் பின்னால் போயின. முதல் முடிச்சை மாப்பிள்ளை வாளி அலமாரிக்குப் பக்கத்தில் போட்டார். மூன்றாம் முடிச்சை நாத்தனார் அண்டா அலமாரிக்குப் பக்கத்தில் போட்டாள். நடு முடிச்சு வழியில் விழுந்தது. அட்சதை சரியாகத் தலைமேல் இறங்கியது.

"கிழக்கு மாறல" என்றார் புரோகிதர். "நல்லதாப் போச்சு."

"அண்டா வந்துடுச்சுடா!" என்றார் சமையல்காரர்.

சம்பந்தி எழுந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். "தாலி கட்டின இடத்துலயே பொண்ணு மாப்பிள்ளை இருக்காங்களா?" என்று கேட்டார். மணையைக் குனிந்து பார்த்தார்கள். சந்து அதே சந்து, மணை அதே மணை. "இருக்காங்க" என்றான் ஏகாம்பரம். அவர் உட்கார்ந்துவிட்டார்.

நிர்மலகுமாரி கையிலிருந்த காப்பியைப் பார்த்தார். விளிம்பு வரை இருந்தது. கீழே பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. நின்றபடியே குடித்து முடித்தார்.

"பாஸ் சார்" என்றார். பூட்டைக் கல்யாணப் பரிசாக லோசனியிடம் கொடுத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார். பாயசம் இரண்டு தடவை வாங்கினார்.

"தொடலன்னீங்களே முதலாளி" என்றான் ஏகாம்பரம்.

"உப்பிலியக் கேளு."

சாயங்காலம் லோசனி புகுந்த வீட்டுக்குக் கிளம்பினாள். ஜவுளிக்கடை லிப்டில் வீடு. நல்ல காற்றோட்டம் என்று சொன்னார்கள்.

"பக்கவாட்டுல போயே பழகிட்டேன் பெரியப்பா. இனிமே மேலயும் கீழயும்" என்றாள்.

"அங்க பிள்ளையார் உண்டா?"

"உண்டாம். மாமனாரே நாயனம் வாசிக்கிறாரு. மூணாவது மாடி வரைக்கும் மல்லாரி."

"எறங்கும்போது?"

"எறங்கும்போது லாலி."

சரி என்றேன். பால் காய்ச்சுவதற்கு ஏறும்போது அடுப்பு மூட்டினால் போதும், பாலும் கூடவே மேலே பொங்கிவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.