மாமாவுக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

...பெரியதையே வாங்கிவிடலாமா, சின்னது போதும் என்று வாங்கிப் போய் அதுவும் நடுவழியில் நின்று தொலைத்தால், மாமா மூன்றாவது தடவை அந்த நாற்காலியில் வந்து உட்காருவாரா, மாட்டார், அவளுக்கு நன்றாகத் தெரியும், இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம்... கடைக்காரர் இரண்டு கார்டுகளையும் அவள் முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஒன்று ஒற்றை விசிறியோடு கைக்கு அடக்கமாக இருக்கிறது, இன்னொன்று மூன்று விசிறியோடு செங்கல் கனம் கனக்கிறது. ப்ராசசர், மதர்போர்டு, ராம் எல்லாம் மளமளவென்று எடுத்துவிட்டாள், அதிலெல்லாம் கில்லாடி, வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் எந்தக் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும் இவளைத்தான் கூப்பிடுவார்கள். கேபினெட்டுக்கும் யோசிக்கவில்லை, கலர் கலராக விளக்கு எரிகிற ஒன்றை அவர் ஆசையாகத் தள்ளிக்கொண்டு வந்தார், வேண்டவே வேண்டாம், மாமா பார்த்தால் இது என்னம்மா சர்க்கஸ் வண்டியா என்பார், சாதாரணக் கறுப்புப் பெட்டியே போதும். திரையில் படத்தைத் தடங்கல் இல்லாமல் ஓட்டுகிற இந்தக் கார்டில் வந்துதான் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள்.

"பையனுக்கா மேடம்? அப்ப பெருசையே எடுங்க. கேம் ஆடுற பசங்களுக்கு எவ்வளவு இருந்தாலும் பத்தாது."

"பையனுக்கு இல்லீங்க, எங்க மாமனாருக்கு."

கடைக்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று ஒரு நொடி தவித்துவிட்டு, கடைசியில் மரியாதையாகத் தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டட்டும், அவருக்கு என்ன தெரியும், வாழ்நாளெல்லாம் நகரப் பேருந்து ஓட்டிய மனிதர், பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, இனி ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று கண் டாக்டர் சொன்ன அன்றைக்கு வீட்டுக் கார் சாவியையும் சேர்த்துக் கழற்றி மகன் கையில் கொடுத்தவர். அதற்கு முன்னால் வரை ராத்திரிச் சாப்பாடு என்றால் மாமா பேச்சுதான், இன்றைக்கு யார் ஏறினார்கள், யார் தூங்கிப்போய்க் கடைசி நிறுத்தம் வரை வந்தார்கள், மீன் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவருக்காக வளைவுகளில் எப்படி உருட்டினார்... கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் அவளுக்கு ஒட்டுதல் வந்ததே அந்தக் கதைகளால்தான், கணவனை அப்புறம்தான் பிடித்தது என்று இன்றைக்கும் கேலி செய்வாள். சொந்த அப்பாவைவிட ஒரு பிடி கூடவே பிடிக்கும், அப்பா காதில் விழுந்தால் கோபித்துக்கொள்வார், விழாது. இப்போது மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. வீட்டில் எல்லோரும் பூனை மாதிரி நடக்கிறார்கள், டிவியைச் சின்னதாக வைக்கிறார்கள், அப்பாவைத் தொந்தரவு பண்ணாதே என்கிறான் கணவன், தொந்தரவே பண்ணாமல் ஒரு மனிதரை எத்தனை நாள் வைத்திருப்பது?

அதற்குத்தான் இந்தப் பேருந்து ஓட்டுகிற கேம். போன ஞாயிற்றுக்கிழமை தன் பழைய லேப்டாப்பில் ஏற்றி, கூட வேலை பார்ப்பவளிடம் ஸ்டீயரிங்கும் பெடலும் இரவல் வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் திருகி வைத்தாள். "பொம்மை பஸ்ஸா?" என்றார் மாமா, என்றாலும் வந்தார், நாற்காலியை முன்னே இழுத்தார், பின்னே தள்ளினார், திரையில் இருந்த இரண்டு கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், வண்டியை எடுத்தார் பாருங்கள், தூங்குகிற குழந்தை விழிக்காது, அப்படி எடுத்தார்! இவள் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் நிறுத்தத்தில் ஓரங்கட்டினார், கதவு திறந்தது, நாலு பொம்மை மனிதர்கள் ஏறினார்கள், கதவு மூடியது, அவ்வளவுதான், படம் அப்படியே நின்றுவிட்டது. லேப்டாப் வேறு உஸ்ஸென்று இரைந்தது. பாழாய்ப்போனது தொங்கிவிட்டது என்று இவள் பாய்ந்து, "இருங்க மாமா, ஹேங் ஆயிடுச்சு" என்று எதை எதையோ தட்டி மொத்தமாக அணைத்துவிட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு, "பரவால்லம்மா, வண்டின்னா நிக்கத்தான் செய்யும்" என்று எழுந்து ஜன்னலுக்கே போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்தபோது வந்த அழுகையில்தான் முடிவு செய்தாள், நிற்காத ஒரு மெஷினை அவருக்குக் கட்டிக் கொடுத்தே தீருவது.

"எந்த கேம்னு சொல்லுங்க, இந்தச் சின்ன கார்டு போட்டுத்தான் இங்க ஒண்ணு ஓடுது, காட்டுறேன்" என்று கடைக்காரர் ஓரத்து மேஜைக்கு அழைத்துப் போனார். அதே பேருந்து, அதே தெரு, படம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது, கண்ணாடியில் பின்னால் வருகிற சைக்கிள்கூடத் தெரிகிறது... முரட்டுத்தனமாக ஓட்டுகிறார் மனிதர், மாமா பார்த்தால் லைசென்ஸைப் பிடுங்கச் சொல்வார்... நிறுத்தம், கதவு, ஏறுகிறார்கள், கதவு மூடுகிறது, படம் நின்றது. அவள் திரையில் விரலை வைத்துக் காட்டினாள். "பாத்தீங்களா, இங்கதான், அன்னிக்கும் இங்கதான் நின்னுடுச்சு!"

"நிக்கலையே மேடம். நான்தான் இன்னும் மிதிக்கல." மிதித்தார். பேருந்து போய்விட்டது.

அப்படியானால் அன்றைக்கு... லேப்டாப் தொங்கவேயில்லை, மாமாவின் கால் பிரேக்கில் இருந்தது, இப்போது ஞாபகம் வருகிறது, கை ஸ்டீயரிங்கில்தான் இருந்தது, தலை மட்டும் லேசாகப் பின்னால் சாய்ந்து, காது கொடுக்கிற மாதிரி. எதற்குக் காது கொடுத்தார்? மணிக்கு. கண்டக்டர் இரண்டு தடவை மணி அடிக்காமல் வண்டி நகராது, கதவு மூடினாலும் நகராது, அவர் ஓட்டிய காலமெல்லாம் அதுதான் சட்டம். கல்யாணத்தன்று எல்லோரும் காரில் ஏறி உட்கார்ந்தும் மாமா கிளப்பவேயில்லை, இவள் பட்டுப்புடவையில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தாள், கணவன்தான் பின்னால் இருந்து கூரையில் இரண்டு தட்டுத் தட்டி "ரைட்டு!" என்றான், உடனே கார் புறப்பட்டது, எல்லோரும் சிரித்தார்கள், ஏதோ விளையாட்டு என்று இவளும் சிரித்தாள். விளையாட்டில்லை. ஏறியவர்கள் சரியாக நின்றுகொண்டார்களா என்று பின்னால் இருந்து ஒருவர் சொல்லவேண்டும், சொன்னால்தான் அவருக்குக் கால் நகரும். அன்றைக்கு அவருக்குப் பின்னாலேயே நின்றவள் இவள்தான்.

"அப்ப சின்னதே போதும்ல மேடம்?"

போதும், தாராளமாகப் போதும், ஆனால்... ஆறு மாதமாக வீட்டில் யாராவது அவரிடம் "மாமா, போலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னோமா, உட்காருங்கள், ஓய்வெடுங்கள், பார்த்து மெதுவாக, இதைத்தானே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்... கவுண்டரில் காலியாக நிற்கிற கறுப்புக் கேபினெட்டின் தலையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். சத்தம் மெலிசாகத்தான் வந்தது.

"நல்ல தகரம்தான் மேடம், பயப்படாம எடுங்க" என்றார் கடைக்காரர்.

"இல்லீங்க, சும்மா" என்றாள். மாமனாரைப் பார்த்து மருமகள் ரைட்டு என்று கத்தலாமா, கத்தினால் சிரிப்பாரா, இல்லை அதற்கும் ஒரு "ம்"மா, தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டிப் பார்த்தாள்.