இல்லாத மைப்புட்டி

ஹிண்டேயின் விரல்களை உடைத்தது நான். வலது கையில் மூன்று.

அன்று சனிக்கிழமை, யூதர்களான எங்களுக்கு ஓய்வுநாள், பிற்பகல். நாங்கள் ஐந்து பேர். ஊருக்கு ஆடுமாடு அறுக்கும் ஸான்வில் முன்னால் போனார். வண்டிக்காரன் கோப்பலின் குதிரை லாயத்துக்கு மேலே பொது நூலகம். தையல்காரர்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வேலை இல்லை. அதனால் அன்று திறந்திருக்கும். ஆனால் எங்கள் வேதச் சட்டப்படி அன்று யாரும் எழுதக் கூடாது. நூலகத்தை நடத்தும் ஹிண்டே எழுதி வைத்துக்கொண்டு புத்தகம் கொடுக்கிறாள் என்று ஸான்வில் சொன்னார். நான் நம்பினேன். அடுத்த மாதம் அவர் மகளுக்கும் எனக்கும் திருமணம்.

அலமாரிகளைச் சாய்த்தோம். மேசை இழுப்பறையை நான் கவிழ்த்தேன். மை இல்லை. பேனா இல்லை. சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்கும் மேலே ஒரு பெயர். எடுத்துப் போகும் புத்தகத்தின் சீட்டை அவரவர் ஆணியில் மாட்டுவாள். பதிவேட்டில் எழுதுவது ஞாயிற்றுக்கிழமை. அவள் எழுதவில்லை என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

பலகையைப் பிடித்து இழுத்தேன். ஹிண்டே மறுபக்கம் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு விரலைப் பின்பக்கம் மடக்கினேன். பிறகு இன்னொன்றை.

என் நண்பன் ஷாயா பக்கத்தில் நின்று ஒரு புத்தகத்தைக் கிழித்துக்கொண்டிருந்தான். ஹிண்டே அவனைப் பார்த்தாள்.

"கிழிக்கறதும் இன்னைக்குக் கூடாதுடா, முட்டாள்."

அப்போதுதான் மூன்றாவது விரலை உடைத்தேன்.

கீழே தெருவில் கூட்டம் நின்றது.

"என்னடா கிடைச்சுது, நப்தலி?"

"மைப்புட்டி," என்றேன். "மூடி திறந்தே இருந்துச்சு."

வெள்ளிக்கிழமைக்குள் பாதிப் பேர் புத்தகங்களைக் கொண்டுவந்து லாயத்துப் படியில் போட்டுவிட்டுப் போனார்கள். அப்பாக்கள் மகள்களைத் தடுத்தார்கள். பலகை மறுபடி சுவருக்கு ஏறியது. வாசகர்கள் ஏறவில்லை.

அடுத்த ஓய்வுநாள். ஜெபஆலயத்தில் வேதச் சுருளை விரித்துப் படிக்கத் தொடங்கும் நேரம். ஹிண்டே பெண்கள் மாடத்திலிருந்து இறங்கி வந்து, கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தாள். எங்கள் வழக்கப்படி, நியாயம் கிடைக்காதவர் படிப்பை நிறுத்தலாம். அவர் குறையைத் தீர்க்காமல் தொடரக் கூடாது. ஆண்கள் நிறுத்துவதைத்தான் பார்த்திருக்கிறோம்.

"படிப்பை நிறுத்துங்க, ரபி ஐயா."

"கை எப்படிம்மா இருக்கு?"

"கையைப் பத்திப் பேச வரல. நான் எழுதினேன்னு ஒருத்தன் சொன்னான். எழுதலன்னு இங்க வந்து சொல்லணும். சொல்லாட்டி என் நூலகம் செத்துப்போகும். அது வரைக்கும் படிப்பு இல்ல."

ரபி உட்கார்ந்துவிட்டார்.

"பொம்பளை பேச்சுக்கு நிக்கணுமா?" ஸான்வில் எழுந்தார். "நேத்து அடுப்புல வெச்ச சாப்பாடு கருகுது."

"உங்க வீட்டுல அது வாராவாரம் நடக்கறதுதானே," என்றது பின்வரிசை. சிரித்தார்கள்.

ஸான்வில் போய் அவள் கையைப் பிடித்தார். கட்டுப் போட்ட கையை. அவள் அலறினாள். கோப்பல் பெஞ்சைத் தாண்டிக் குதித்து அவர் மூக்கில் குத்தினான். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று தெரியவில்லை. மேலே பெண்கள் கத்தினார்கள். ஒரு பெஞ்சு உடைந்தது.

ஷாயா என் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றான். கோப்பல் அவன் பிடரியைப் பிடித்து இழுத்துப் போனான்.

"நீயும் அங்க இருந்த. மைப்புட்டி இருந்துதாடா?"

கோப்பல் அவன் முகத்தைப் பெஞ்சின் விளிம்பில் மோதினான்.

"இருந்துதா?"

ஷாயா என்னைப் பார்த்தான். என் பெயரைச் சொல்லவில்லை. கோப்பல் மறுபடி மோதினான். பல் ஒன்று தரையில் விழுந்தது. அவன் ஜெபப் போர்வையின் வெள்ளையில் ரத்தம் இறங்கியது. கோப்பல் மூன்றாவது முறைக்குத் தலையைப் பின்னால் இழுத்தான்.

"இல்ல," என்றேன்.

"சத்தமாச் சொல்லு," என்றாள் ஹிண்டே. "மேல இருக்கறவங்களுக்கும் கேக்கணும்."

மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"மைப்புட்டி இல்ல. பேனா இல்ல. ஆணியும் சீட்டும்தான். நான் பொய் சொன்னேன். விரலை உடைச்சதும் நான்தான்."

"விரலை நான் கேக்கல."

கையை மேசையிலிருந்து எடுத்தாள்.

"இப்பப் படிங்க."

ஸான்வில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு மருமகன்னு இன்னையோட யாரும் இல்ல," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. படிப்பு தொடர்ந்தது. ஷாயாவை இரண்டு பேர் வெளியே தூக்கிப் போனார்கள்.

அன்று மூன்று மணிக்கு லாயத்துக்கு எதிரே நின்றேன். முதலில் ஒரு மூட்டைக்காரர் படி ஏறினார். பிறகு ஓர் அப்பா, மகளைக் கைப்பிடித்துக்கொண்டு. பிறகு ஆறேழு பேர் சேர்ந்தாற்போல. மேலே ஜன்னல் திறந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

தெருக்கோடியில் ஸான்வில் வந்தார், இரண்டு மகன்களோடு. மூவரும் வெறுங்கையாக வந்தார்கள். ஓய்வுநாளில் தடியைத் தொடக் கூடாது, அவர் அதில் கண்டிப்பானவர். என்னை நோக்கி நடந்துகொண்டே வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.