நல்ல பிரஷர்

என் கணவர் பிளம்பர். இருபத்தாறு வருடம் ஊரார் வீட்டுக் குழாய்களில் அடைப்பெடுத்தவர், தன் காலில் இருந்த அடைப்பை நரம்பு இழுப்பு என்று ஒரு வருடம் சொல்லித் திரிந்தார். நூறடி நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். அதனால் வேடிக்கை பார்ப்பவர் போல் கடை கடையாக நின்று வீடு வந்து சேருவார். துணிக்கடைப் பொம்மைகளை அவ்வளவு ஆழ்ந்து பார்த்த ஆண்பிள்ளை எங்கள் தெருவில் வேறு கிடையாது.

மருந்துக் கடையில் நிற்கும் என் அண்ணன்தான் குடும்பத்துக்கு வைத்தியர். தெருவில் அவருக்குப் 'பாதி டாக்டர்' என்று பெயர். எந்தப் பாதி என்று யாரும் கேட்டதில்லை. வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி கொடுப்பார். இவரும் மிட்டாய் மாதிரி தின்பார்.

கடைசியில் நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, காலுக்குப் போகும் ரத்தக் குழாய் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது என்றார். அதோடு விடவில்லை.

"கால்ல இப்படி இருந்தா, கிட்னியும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ரத்தத்துல ஒண்ணு, சிறுநீர்ல ஒண்ணு, ரெண்டு டெஸ்ட் எழுதியிருக்கேன். இந்த வாரமே எடுங்க. வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாது, இன்னியோட விட்டுடுங்க."

அன்று சாயங்காலம் அண்ணன் வந்து சீட்டைப் படித்துச் சிரித்தார்.

"கால் வலிக்குப் போனவருக்கு மூத்திரத்துல என்ன வேலை? ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா மாப்ளே?"

"அருவி மாதிரி போகுது மச்சான். தெளிவாத்தான் இருக்கு. என்ன, நுரையா வருது."

"நுரைச்சா என்ன அர்த்தம்? பிளம்பர் நீங்கதானே, சொல்லுங்க."

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லைன்ல பிரஷர் நல்லா இருந்தா பக்கெட்டுல விழுற தண்ணி நுரைக்கும்."

"அவ்வளவுதான் விஷயம்."

"டெஸ்ட்டை எடுத்துட்டு அப்புறம் சிரிங்க" என்றேன்.

"லைப்ரரியில தூசி தட்டுறவ இல்லையா, அட்டையைப் பார்த்தே படிச்சிடுவா" என்று என் நூலக வேலையைக் கிண்டலடித்தார் அண்ணன். இரண்டு மேதைகளும் மறுபடி சிரித்தார்கள். சீட்டு கருவிப் பெட்டிக்குள் போனது. மாத்திரையும் நிற்கவில்லை.

நுரையாகப் போய்க்கொண்டிருந்தது உடம்பின் புரதம் என்பது எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது. அப்போது அவர் முகமும் காலும் வீங்கி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அப்புறம் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மெஷினில் படுத்துக்கொண்டு, "அந்த ஜாயிண்ட்டை யார் போட்டது?" என்று நர்ஸிடம் குறை சொல்வார். இரண்டாவது வருடம் இதயம் நின்றுபோனது. முதலிலேயே பார்த்திருந்தால் மருந்திலேயே பல வருடம் தள்ளியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

விதி என்றார் அண்ணன். விதிக்கு ஒரு கடை இருந்தால் அங்கேயும் அவர்தான் கவுண்டரில் நிற்பார்.

போன வாரம் ஜன்னல் வழியே அண்ணன் வருவதைப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பூந்தொட்டி அருகே நின்றார். அடுத்த வீட்டுக் கேட்டருகே நின்றார். பூவைப் பார்க்கிற ஆள் இல்லை அவர். அந்த நடையை எனக்குத் தெரியும்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். "கால் கொஞ்சம் இழுக்குது. அப்புறம்... நுரையும் வருது."

"பிரஷர் நல்லா இருக்கும்ண்ணே."

தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே இருக்க விட்டேன். பிறகு கருவிப் பெட்டியைத் திறந்து, ஸ்பானருக்கு அடியிலிருந்த சீட்டை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

"பேரை மட்டும் மாத்திக்குங்க. மத்ததெல்லாம் உங்களுக்கும் அதேதான்."

எழுந்தார். தனியாகப் போக விட்டால் நேராகத் தன் கடைக்குத்தான் போவார். செருப்பை மாட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். வழியில் துணிக்கடை வந்தது. பொம்மையைப் பார்ப்பதுபோல் நின்றார்.

"புடவை நல்லா இருக்குல்ல?" என்றார்.

நானும் புடவையைப் பார்த்தேன். அவர் கால் விடும்வரை நின்றேன்.