பழக்கதோஷம்

காசிமிர் மைதானத்திலிருந்து ஓடிவந்து, பெஞ்சில் உட்கார்ந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, வாளியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு வாயருகே கொண்டுபோன பிறகுதான் கோச் டட்டிலின் முகத்தைப் பார்த்தான். மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"டேய், உன்னை யாருடா வெளிய வரச் சொன்னது?"

குவளை அந்தரத்தில் நின்றது. 

அமெரிக்கக் கால்பந்தில் போன வருஷம் வரைக்கும் இது தப்பே கிடையாது. எதிரணி பந்தோடு பாய்ந்து வந்தால் மறிக்க ஒரு கூட்டம், பந்து நம் கைக்கு வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேறொரு கூட்டம். காசிமிர் மறிக்கிற ஆள். வருகிறவனை மோதிச் சாய்ப்பான், பந்து கை மாறியதும் வெளியே வந்து தண்ணீர் குடிப்பான். இந்த 1953இல் எந்தப் புண்ணியவான்களோ உட்கார்ந்து விதியை மாற்றிவிட்டார்கள். இறங்கிய பதினோரு பேரே இரண்டு வேலையையும் பார்க்க வேண்டும். வெளியே வந்தவன் ஆட்டத்தின் அந்தக் கால்பகுதி முடிகிறவரை உள்ளே கால் வைக்கக் கூடாது. சீசன் முழுக்க கோச் இதைத் தொண்டை கிழியக் கத்தியிருந்தார். காசிமிரும் ஒழுங்காகத்தான் இருந்தான். ஆனால் இன்று, மூன்றாம் கால்பகுதியில், பந்தை வைத்திருந்தவனை அவனே மோதிச் சாய்த்து, சிதறிய பந்தை அவனே பாய்ந்து அமுக்கினான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அந்தச் சந்தோஷத்தில் புத்தி எங்கே வேலை செய்தது, கால்கள் பாட்டுக்கு வெளியே ஓடிவந்துவிட்டன.

இவன் ஒருத்தன் போதாதென்று டேல் ஃபென்னர் வேறு. போன வருஷம் இவன் வெளியே வந்தால் உள்ளே போகிறவன் டேல்தான். இவனைக் கண்டதும் அவனும் எழுந்து உள்ளே ஓடிவிட்டான். ஓடுவதில் புலி, மறிக்கத் தெரியாது. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. பெஞ்சில் மிச்சம் இருந்தவர்கள் அவனைவிட மோசம்.

கோச் நடுவரிடம் கெஞ்சினார். "சார், பய தெரியாம வந்துட்டான். விட்டுடுங்க சார்."

"எனக்கும் இது புதுசுதான்யா. நானா எழுதினேன்?" என்றார் நடுவர்.

ஸ்கோர் பலகையில் அவர்களுடைய விட்கோம் கல்லூரி ஆறு, எதிரணி ஆஷ்பி சைபர். அந்த வருஷம் விட்கோம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கடைசி ஆட்டமான இதிலும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதாகக் கல்லூரித் தலைவர் சொல்லிவிட்டார். கலைந்தால் ஆட்டத்துக்காகக் கிடைத்த இலவசப் படிப்பும் போய்விடும், விடுதிச் சாப்பாடும் போய்விடும். மற்றவர்களுக்கு எப்படியோ, காசிமிருக்குப் போக ஒரே இடம்தான் இருந்தது. அவன் அப்பா யோனாஸ் யுர்கோனிஸ் இருபது வயதில் இறங்கிய நிலக்கரிச் சுரங்கம். நுரையீரல் முழுக்கக் கரியோடு அவர் இன்னமும் இறங்கிக்கொண்டிருந்தார். இவன் ஒருத்தனாவது வெளிச்சத்தில் வேலை செய்யட்டும் என்பதைத் தவிர அந்த மனுஷன் கடவுளிடம் வேறெதுவும் கேட்டதில்லை. இன்று முதல் தடவையாக, சர்ச்சுக்குப் போகிற கோட்டை மாட்டிக்கொண்டு, மகன் ஆட்டத்தைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்.

கையில் வந்த பந்தை விட்கோம் பையன்கள் அடுத்த நிமிஷமே நழுவ விட்டார்கள். ஆஷ்பிக்காரர்கள் முட்டாள்களா என்ன? காசிமிர் நிற்க வேண்டிய இடத்தில் டேல் நிற்பதைப் பார்த்துவிட்டு நேரே அவன்மேல் மோதிச் சாய்த்தார்கள். எழுந்து நின்றான், மறுபடி சாய்த்தார்கள். மறுபடி எழுந்தான். பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதற்கு நாமே அடி வாங்கியிருக்கலாம் என்றிருந்தது காசிமிருக்கு. ஆஷ்பி எல்லைக்கோட்டைத் தாண்டியதில் ஆறு புள்ளிகள், பிறகு பந்தைக் கம்பத்துக்கு நடுவே உதைத்ததில் இன்னொன்று. ஏழுக்கு ஆறு. கடைசிக் கால்பகுதியில் அவன் உள்ளே போய் வெறி பிடித்தவன்போல மோதினான். என்ன பிரயோஜனம், பலகையில் எதுவும் மாறவில்லை.

உடை மாற்றும் அறையில் டேல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உதடு கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது.

"நீ வந்தே, நான் போனேன். கடவுள் நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தனுக்காவது மூளைய வச்சிருக்கலாம்டா காஸ்."

காசிமிர் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

வெளியே அப்பா காத்திருந்தார். மகனைக் கண்டதும் இருமலை அடக்கிக்கொண்டு கேட்டார். "எதுக்குடா நடுவுல வந்துட்ட? அடி பட்டுடுச்சா?"

அவருக்கு விதியெல்லாம் தெரியாது. "ஆமாப்பா. முழங்கால்ல."

அவர் உறைந்த சேற்றில், அந்தக் கோட்டோடு, மண்டியிட்டு உட்கார்ந்தார். கரித்துகள் புதைந்து நீலம் பாரித்த விரல்களால் முழங்காலைச் சுற்றி அழுத்தினார். பாறை சரிந்து அடிபட்டவர்களை இப்படித்தான் பார்ப்பார்.

"இங்கயா?"

"ம்."

"எலும்புக்கு ஒண்ணுமில்ல, நல்லவேளை. வெந்நி ஒத்தடம் குடுத்தா சரியாயிடும்." முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டார். "சுரங்கத்து ஃபோர்மேன்கிட்ட சொல்லி முதல்ல மேல நிக்கிற வேலையா வாங்கித் தரேன். கீழ அப்புறம் எறங்கலாம்."

அந்த முழங்காலையே பிடித்து, முழு எடையையும் அதன்மேல் போட்டு எழுந்தார். வலிக்கிற மாதிரி காட்ட காசிமிர் மறந்துவிட்டான். அப்பாவின் கை முழங்கால்மேல் ஒரு கணம் அப்படியே நின்றது. நிமிர்ந்து மகன் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் அவன் கையை எடுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டார். காசிமிர் அவர்மேல் சாய்ந்து, நொண்டி நொண்டி, பஸ் நிற்கிற பக்கம் நடந்தான்.