லாய்டை யார் கூட்டிப்போவது

என் அண்ணன் எரிக், தம்பி எல்வின் இருவரும் தங்களுக்குள் பேச்சை நிறுத்தி ஐந்து வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் தினமும் ஒரே ரயிலில்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அண்ணன் முதல் பெட்டி, தம்பி கடைசிப் பெட்டி. ஒரு நாள்கூட மாறி ஏறியதில்லை. பிடிவாதத்தில் மட்டும் ஒருத்தருக்கொருத்தர் கொஞ்சமும் குறைந்தவர்கள் இல்லை.

இந்த இரண்டு பேருக்கும் பொதுவாக ஓர் ஆள் உண்டு. அவன் பெயர் லாய்ட். தங்கச் சுரங்கத்து ஊரான ஊரிகத்தில், சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீட்டில், என்னோடு இருக்கிறான். அதாவது என் டிவிக்குள் இருக்கிறான்.

'கிரேமார்க்' என்று ஒரு கேம். வாள், குதிரை, டிராகன், இடிந்த கோட்டை எல்லாம் வரும். நான்கு பாகங்கள் வந்துவிட்டன. நான்கிலும் ஒரே வீரன் தனியாகத்தான் சுற்றுவான். பள்ளிக்கூட நாளில் கேம் அவனுக்குப் பெயர் கேட்டபோது, இரண்டு பேரும் சேர்ந்து கிரிக்கெட்டில் எப்போதும் அழுகுணி ஆடும் பக்கத்து லைன் பையனின் பெயரை வைத்தார்கள். அவன் நன்றாக அடிவாங்க வேண்டும் என்பதுதான் திட்டம். இப்போது லாய்டுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் இரண்டு தடியன்களுக்கும் சோறு இறங்காது.

ஒரு கேம் பெட்டிக்கு இரண்டு பையன்கள் என்றால் மண்டை உடையாமல் இருக்குமா? அப்பா ஆபிரகாம் அதற்கு ஒரு வழி செய்தார். அவர் சுரங்கத்தில் கேஜ் ஓட்டியவர். ஷாஃப்ட் என்கிற ஆழக் குழிக்குள் ஆட்களைக் கூண்டில் இறக்கி ஏற்றும் இன்ஜின் அவர் கையில் இருந்தது. ஷிப்ட் முடிந்து போகிறவர் கயிறு எப்படி, பிரேக் எப்படி என்று லாக் புக்கில் எழுத வேண்டும். ஷிப்டுக்கு வருகிறவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கோளாறை எழுதாமல் போனால் கீழே இருக்கிறவன் செத்தான். அதேபோல ஒரு நீள நோட்டை வாங்கி டிவி ஸ்டாண்டில் கயிறு போட்டுக் கட்டினார். ஆடி முடித்தவன் எழுத வேண்டும், ஆட வருகிறவன் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது ஓடுவது பதினோராவது நோட்டு.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்த அன்று எல்வின் புனேவில் வேலையாக இருந்தான். "வந்துனே கீறேன், நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்று போனில் அழுதான். மழை பிடித்துக்கொண்டது. பாஸ்டருக்கு இன்னொரு சாவு வீடு இருந்தது. எரிக் நாலு மணிக்கு எடுக்கச் சொல்லிவிட்டான். எல்வின் கல்லறைத் தோட்டத்துக்குள் ஓடி வந்தபோது ஐந்து பத்து, மண் மூடியாகிவிட்டது. அவன் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ஆனால் நோட்டு நிற்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் எரிக் கறி வாங்கிக்கொண்டு வருவான். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்வின் பேக்கரி பன்னோடு வருவான். ஒருவன் விட்ட இடத்திலிருந்து இன்னொருவன் ஆடுவான். 'குதிரைக்குக் காய்ச்சல். வடக்குப் பாலத்துப் பக்கம் போவாத' என்று அண்ணன் எழுதியிருப்பான். 'பாத்தேன். மருந்து குடுத்தாச்சு' என்று தம்பி எழுதுவான். ஐந்து வருஷமாக இவர்கள் பேசிக்கொண்ட பேச்சு இவ்வளவுதான்.

எனக்கு இந்தக் கேம் சுத்தமாகப் புரியாது. எனக்குப் புரிந்தது வேறு. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஸ்கூல் ஆபீஸில் சனி அரை நாளும் சேர்த்து ஆறு நாளும் டைப் அடித்துவிட்டு வருகிற எனக்கு, வாரத்தில் இரண்டு வேளைதான் துணையோடு சாப்பாடு. இவர்கள் என்னைப் பார்க்க வருகிறார்கள் என்று ஏமாற நான் தயாராக இல்லை. லாய்டைப் பார்க்க வருகிறார்கள். எப்படியோ வருகிறார்கள் இல்லையா?

அப்படி இருக்கும்போதுதான் ஐந்தாம் பாகத்துக்கு அறிவிப்பு வந்தது. இனி எல்லாமே ஆன்லைன், அவரவர் போனிலேயே ஆடலாம். உலகத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பார்களாம்.

"கும்பல் சேந்துட்டா கதை எங்க இருக்கும், லவினா?" என்றான் எரிக், கறியைப் பையிலிருந்து எடுக்காமலே. "ராஜா செத்துக் கெடப்பான், பக்கத்துல பத்து பேர் டான்ஸ் ஆடுவான். காசு கட்டினவன் தங்கக் கவசம் போட்டுக்குவான். லாய்ட் எதுக்கு அந்தச் சந்தைக்குள்ள போவணும்?"

மறுநாள் எல்வின் வந்தான். "இன்னாக்கா இது அநியாயம்? ராஜா சாவுறப்ப சுத்தி நின்னு ஆடினு இருப்பானுங்க. நெட் போச்சுன்னா ஆளே காலி. நம்ம ஊர் கரண்டுக்கு இதெல்லாம் ஆவுமா?" ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரவெல்லாம் இதே புலம்பலாம். அண்ணனும் அந்தக் குழுவில்தான் இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை.

வாயால் திட்டினாலும் இரண்டு பேருக்கும் போக ஆசை. அவர்கள் சொல்லாமல் விட்டதை நோட்டில்தான் படித்தேன். பழைய வீரனைப் புதிய பாகத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் ஒரே ஒரு தடவை, ஒரே ஓர் ஆளின் கணக்குக்கு. போனபிறகு அவன் பழைய இடத்தில் இருக்கமாட்டான். மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயந்திரம் ஐந்தரையோடு கெடு முடிகிறது.

'யார் கணக்குக்கு?' என்று எரிக் எழுதியிருந்தான்.

'நீயே எடுத்துக்கோ. எனக்காக எப்ப காத்திருந்த?' என்று எல்வின் எழுதினான்.

அதைப் படித்துவிட்டு எரிக் அன்றைக்குக் கேமைத் தொடவே இல்லை. கறிச்சோறு அப்படியே இருந்தது. போகும்போது எழுதினான்: 'அடுத்த சனிக்கிழமை மூணு மணிக்கு வரேன். ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணலாம். காத்திருப்பேன்.' மறுநாள் எல்வின் அதை வெகுநேரம் பார்த்தான். கையெழுத்து மட்டும் போட்டான்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. இவர்கள் ஒன்றாக உட்கார வேண்டும் என்று ஐந்து வருஷமாக ஜெபம் செய்தவள் நான். இப்போது உட்காரப்போகிறார்கள் என்றதும் வேறு கேள்விதான் வந்தது. லாய்ட் இவர்களில் ஒருவனின் போனுக்குள் போய்விட்டால் இந்த வீட்டில் என்ன இருக்கிறது? நோட்டு எதற்கு, சனி எதற்கு, ஞாயிறு எதற்கு?

சனிக்கிழமை எரிக் சரியாக மூன்று மணிக்கு வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மாற்றவா வேண்டாமா என்று கேட்கிற பக்கத்தை டிவியில் திறந்துவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நாலு ஆனது, ஐந்து ஆனது. நான் போட்ட டீ ஆறி ஆடை கட்டியது.

ஐந்தேகாலுக்குச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லைன் முனையில் குழாயடியில் எல்வின் நின்றுகொண்டிருந்தான். வாசலில் இருந்த அண்ணனின் வண்டியைப் பார்த்தான். பிறகு ஜன்னலில் என்னைப் பார்த்தான். வரட்டுமா என்று தலையை ஆட்டிக் கேட்டான்.

நான் ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் போதும். ஆனால் அந்த நொடியில் எனக்கு அப்பா ஞாபகம் வரவில்லை, சமாதானம் ஞாபகம் வரவில்லை. யாரும் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் நின்றது. அவனைப் பார்க்காததுபோலக் குனிந்து, கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினேன். நிமிர்ந்தபோது குழாயடியில் யாரும் இல்லை.

ஐந்தரைக்கு டிவியில் அந்தப் பக்கம் தானாக மூடிக்கொண்டது. லாய்ட் பழையபடி மலையடிவாரத்தில் குதிரையோடு நின்றான். எரிக் எழுந்திருப்பான் என்று நினைத்தேன், எழுந்திருக்கவில்லை. ஆறேகாலுக்குத்தான் பேனாவைத் தேடினான். 'மூணுலேருந்து ஆறேகால் வரைக்கும் இருந்தேன். நீ வரல. லாய்ட் இங்கயே இருக்கட்டும்.'

"நான் செஞ்சதுக்கு இது சரிதான், லவினா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

ஞாயிறு எல்வின் வந்தான். பன் வாங்கி வரவில்லை. நோட்டைப் படித்தான்.

"அக்கா, நேத்து நீ என்னைப் பாக்கலியா?"

"எங்கடா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, வுடு. அவனைப் பாக்க எனக்குத் தகிரியம் வரல. நீ கூப்டுவேன்னு நின்னேன்." மறுபடியும் நோட்டைப் பார்த்தான். "அஞ்சரைக்கே முடிஞ்சிபோச்சு. ஆறேகால் வரைக்கும் இன்னாத்துக்குக் குந்தினு இருந்தான்?"

எனக்குத் தெரியும். லாய்டுக்காக இல்லை, இவனுக்காக. எல்வின் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேமைத் திறக்காமலே போய்விட்டான்.

நான் ஆசைப்பட்டதுதான் நடந்திருக்கிறது. லாய்ட் என் வீட்டில்தான் இருக்கிறான். அடுத்த சனிக்கிழமை எரிக் வருவான், ஞாயிறு எல்வின் வருவான். தனித்தனியாக, இன்னும் இருபது வருஷத்துக்கு வருவார்கள். சாப்பிட உட்கார்ந்தேன், முடியவில்லை.

பதினோரு நோட்டிலும் நான் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை. எல்வினின் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்.

'சனி, 5.15. எல்வின் வந்தான். குழாயடியில் நின்று, வரட்டுமா என்று கேட்டான். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். நீங்கள் இரண்டு பேரும் இங்கே வருவது நின்றுவிடும் என்ற பயம். லவினா.'

அதற்குக் கீழே கையெழுத்துக்கு இரண்டு கோடு போட்டேன், ஒன்று எரிக்குக்கு, ஒன்று எல்வினுக்கு. படித்தபிறகு அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசலாம். இந்த வீட்டு வாசலை மிதிக்காமலும் போகலாம். தாளைக் கிழித்துவிடலாமா என்று ஒரு முறை கை போனது. நோட்டை மூடி, கயிற்றைச் சரியாக மாட்டிவிட்டுச் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறேன்.