கிளை விழுந்து வந்த சர்க்கரை

1

இந்தக் காலத்து ஆட்கள் நடப்பதற்குக் காரில் போகிறார்கள். எங்கள் தெருக்கோடியில்தான் பூங்கா. அதற்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கிறவன் வண்டியை எடுக்கிறான், நிறுத்த இடமில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றுகிறான், இறங்கிக் காதில் எதையோ சொருகிக்கொண்டு நடக்கிறான். திரும்பும்போது ரொட்டிக்கடை ஜன்னலில் கையை நீட்டி ஒரு பை இனிப்பு ரொட்டி வாங்கிக்கொள்கிறான். கேட்டால் ஆரோக்கியமாம்.

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அங்கே நயேலி என்று ஒரு நர்ஸ். மரம் மட்டைக்குப் பக்கத்தில் வசிக்கிற, ஸ்பானிஷ் பேசும் நம்மவர்களுக்குச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு எல்லாம் குறைவாக இருக்கிறதா என்று யாரோ ஆராய்கிறார்களாம். சுவரில் ஒட்ட ஒரு கதை வேண்டும் என்றாள்.

"பூங்கா ஒருத்தரை எப்படிக் காப்பாத்துச்சுன்னு எழுதுங்க ஐயா. உங்க கூட்டாளி எவரிஸ்தோவையே எழுதுங்களேன்."

"நான் நாலாங்கிளாஸோட நின்னவன்மா."

"பேசுற மாதிரியே எழுதுங்க."

"நான் பேசுற மாதிரி எழுதினா நீ சுவத்துல ஒட்ட மாட்ட."

முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கதை கேட்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். சான் அந்தோனியோவில் ஆகஸ்ட் மாத வெயிலில் வேறு என்ன செய்ய?

2

முதல் தொடக்கம்: "புள்ளினங்கள் கானம் பாடும் இளங்காலையில் எவரிஸ்தோ பூங்காவினுள்…"

(பொய். எங்கள் பூங்காவில் இருப்பது கருங்குருவி. அது பாடாது. எண்ணெய் போடாத கதவு மாதிரி கத்தும், கார் மேல் எச்சமிடும்.)

இரண்டாவது தொடக்கம்: "எவரிஸ்தோவுக்குச் சர்க்கரையைக் கொடுத்தது ஒரு மரம்."

இது இருக்கட்டும். அவனே சொன்னது.

எவரிஸ்தோ ஆயுள் முழுக்கக் கூரை போட்டவன். எந்த உயரத்திலிருந்தும் விழாதவன். போன கோடையில் பூங்கா நடுவில் நிற்கும் பெக்கான் மரத்தடியில், மாட்டுத்தலைக் கறி வைத்து மடித்த ரொட்டியை, டாக்கோவை, வாய்க்குக் கொண்டுபோன நேரம். காற்று இல்லை, ஒன்றும் இல்லை. ஆள் இடுப்புப் பருமனில் ஒரு கிளை முறிந்து பக்கத்து பெஞ்சில் விழுந்தது. அவன்மேல் ஓர் இலைகூடப் படவில்லை. டாக்கோதான் மண்ணாய்ப் போனது. அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள்.

"பயத்துல வந்ததுய்யா. எங்கம்மாவுக்கும் அப்படித்தான், வெள்ளத்தப் பாத்து வந்துச்சு."

எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பயத்தில் வந்த சர்க்கரைதான். ஒருத்திக்கு நாய் துரத்தி வந்தது. ஒருத்தனுக்கு மகள் யாரைக் கட்டப்போகிறாள் என்று கேட்டதும் வந்தது.*

* தினமும் ஒரு பெரிய பாட்டில் சோடா குடித்ததால் வந்தது என்று சொன்ன ஆள் இதுவரை ஒருவரும் இல்லை.

3

இந்த இடத்தில்தான் கதை கொஞ்சம் கனமாகிறது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் விட்டுவிட முடியாது.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்காவிட்டால் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார். எவரிஸ்தோவின் அண்ணன் ரெஃபூகியோ ஊசி போட ஆரம்பித்தான், கண் போயிற்று. எவரிஸ்தோவுக்குக் கணக்கு அவ்வளவுதான்: ஊசி போட்டால் குருடு.

"ஊசியால இல்லீங்க ஐயா," என்றாள் நயேலி. "உங்க அண்ணன் ரொம்ப வருஷம் எதுவுமே பாக்காம விட்டாரு. கண்ணு கெட்டப்புறம்தான் ஊசிக்கே வந்தாரு."

"நீ அப்பப் பொறக்கவே இல்ல."

"ஊசி வேணாம்னா மாத்திரையத் தவறாமப் போடுங்க, சோடாவ நிறுத்துங்க, பூங்காவுல நடங்க."

"கடிச்ச நாய்கிட்டயே மருந்து வாங்கிக்கச் சொல்றியா?"

வெளியே வந்ததும் வண்டியில் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "கண்ணு போச்சுன்னா டோமினோவுல நீ ஏமாத்துறத யாருய்யா பிடிக்கிறது?" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் கண்களில் நீர்

(இந்த வாக்கியத்தை இங்கேயே நிறுத்தச் சொன்னது எவரிஸ்தோ. வாசித்துக் காட்டினேன். "நான் எங்கய்யா அழுதேன்? அழிச்சிரு. என்னைக் கொஞ்சம் உயரமாவும் எழுது." உயரமாக எழுத முடியாது. தெருவே அவனைப் பார்த்திருக்கிறது.)

4

தெருவில் பயம் தெளிவிக்கிற யூலாலியா வருகிறாள். எவரிஸ்தோ மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாய். ஆகவே அவளுக்கு இவன் கொம்பாத்ரே, மறுபேச்சு பேச முடியாத உறவு. மணத்தழை ஒரு கை எடுத்து அவன் தலையிலிருந்து கால்வரை வீசிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"உங்க உசிரு இங்க இல்ல கொம்பாத்ரே. பயந்த இடத்துலயே உக்காந்திருக்கு. தினம் சாயங்காலம் அந்த மரத்துக்கிட்டப் போய், பேர் சொல்லிக் கூப்பிடுங்க. வரும்."

"என் பேர நானே கத்துறதா? போலீசக் கூப்பிட்டுருவாங்க."

"வெக்கமா, ஊசியா? நீங்களே சொல்லுங்க. இன்னொண்ணு. சோடா குடிச்ச வாயால கூப்பிட்டா உசிரு வராது."

அந்தக் கடைசி விதியை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

5

மரத்துக்குக் கிட்டப் போகவேண்டும். எவரிஸ்தோ போவானா? கிளை எட்டாத தூரத்தில் நிற்கிறேன் என்றான். எட்டாத தூரம் எது என்று கூரைக்காரன் கண்ணால் அளந்து, இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் தள்ளி, கடைசியில் பூங்காவின் வேலியோரம் வந்துவிட்டான். உயிர் மரத்தின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாதே. ஆகவே சுற்ற வேண்டியிருந்தது. முழுப் பூங்காவையும்.

"எவரிஸ்தோ! வாடா! அங்கயே இருந்துறாத!"

கருங்குருவிகள் பறக்கும். ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் கொண்டாடுகிற கூட்டம் அடுப்பிலிருந்து தலை தூக்கும். "யாரத் தேடுறீங்க பெரியவரே?"

"என்னைத்தான்."

உடனே ஒரு தட்டு நீளும். எங்கள் ஆட்களிடம் நீட்டிய தட்டை மறுப்பது அடிப்பதற்குச் சமம். அவன் கறியை வாங்கித் தின்பான், சோடாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "உசிருக்கு ஆகாது" என்பான். அவர்களும் தலையாட்டுவார்கள். சர்க்கரை என்று சொல்லியிருந்தால் ஒரு வாய் குடித்தால் ஒன்றும் ஆகாது என்றிருப்பார்கள்.

நான் ஏன் கூடப் போனேன் என்று கேட்பீர்கள். கிளையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? அவன் கத்துவான், நான் மேலே பார்ப்பேன். தினமும்.

6

பரிசோதனை முடிந்தது. சர்க்கரை இறங்கியிருந்தது. ஊசி இப்போதைக்கு இல்லை என்றார் டாக்டர். எவரிஸ்தோ ஆஸ்பத்திரி வாசலில் நின்று எதிர்க்கடைப் பலகையை ஓர் எழுத்து விடாமல் சத்தமாக வாசித்தான். டயர், புதுசு, பழசு. பிறகு இன்னொரு தடவை வாசித்தான்.

முடிவு எழுத வேண்டும். மூன்று பேர் மூன்று முடிவு கேட்கிறார்கள்.

நயேலி: "பூங்காதான் காப்பாத்துச்சு. அதையே எழுதுங்க ஐயா."

யூலாலியா: "உசிரு திரும்பிருச்சு. முகத்தப் பாத்தாலே தெரியலயா?"

எவரிஸ்தோ: "முதல் தடவ மிஷின் தப்பாக் காட்டியிருக்கும். நான் அப்பவே சொன்னேன்."

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள். நயேலி யூலாலியாவின் அண்ணன் மகள். அந்தச் சோடா விதி எங்கே பிறந்தது என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இருவரிடமும் கேட்டேன். இருவரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

நான் எந்த முடிவையும் எழுதப்போவதில்லை. உங்களுக்குப் பிடித்ததை எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். மரம் பார்த்தால் இரத்தம் சுத்தமாகும் என்பதை நான் நம்பவில்லை. உயிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது என்பதையும் நம்பவில்லை. இன்று காலை என் பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட வேண்டி வந்தது. கால்சட்டை நிற்கவில்லை. அதற்கும் பூங்காவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தோல் பழசு, இழுபட்டிருக்கும்.

தெருவில் எவரிஸ்தோ கூப்பிடுகிறான். உயிர்தான் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்றால், மறுபடி ஓடிவிடாமல் பார்க்க வேண்டுமாம். முட்டாள். பேனாவை மூடுகிறேன். அந்தக் கிளையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.