கையெடுத்த பிறகும்

"இன்னும் ஒரு பல்லு இறக்கு. இவ்வளவு உசரத்துல இருந்தா கையைத் தூக்கித் தூக்கியே தோள்பட்டை கழண்டுடும்" என்றார் அவர், மூன்று தலையணைகளின் மேல் சாய்ந்தபடி.

பேஸ் கித்தாரைத் தோளில் மாட்டிய வாக்கிலேயே அவள் குனிந்து, இஸ்திரிப் பலகையின் அடியில் இருந்த கம்பியை நெம்பினாள். பலகை ஒரு குலுக்குக் குலுக்கி இறங்கியது. அதன்மேல் இருந்த கீபோர்டு நழுவப் பார்த்தது. முழங்கையால் முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். மேடையில் வைக்கிற ஸ்டாண்டு கொழுந்தனின் வேனில் கிடந்தது. வீட்டில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி இருந்த ஒரே பொருள் இந்த இஸ்திரிப் பலகைதான்.

"இப்ப வலது பக்கம் திரும்பு. யாரோ கூப்பிட்ட மாதிரி."

திரும்பினாள். கித்தாரின் நீண்ட கழுத்து சுற்றிக்கொண்டு வந்து கீபோர்டின் ஓரத்தில் இடித்தது.

"பாத்தியா? பெருசு வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்."

"யாரு கூப்பிட்டாலும் திரும்பாம வாசிக்கிறேன்."

"அது நீ இவ்வளவு காலமா செய்யறதுதான். நான் கூப்பிட்டு எந்த மேடையில திரும்பினே?"

சிரிக்கப்போய் இருமல் வந்துவிட்டது. அவள் கித்தாரோடு போய் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். கட்டிலுக்குக் கீழே ஆக்சிஜன் இயந்திரம் பழைய குளிர்பெட்டி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த குழாய் அவருடைய மூக்கில் மாட்டியிருந்தது. "வீட்டுல வெச்சுப் பாத்துக்கோங்க" என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் அதை விட்டுவிட்டுக் காலையிலிருந்து கீபோர்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுடையது மூன்று பேர் கொண்ட இசைக்குழு. கீபோர்டு அவர், பேஸ் அவள், டிரம்ஸ் அவருடைய தம்பி. கல்யாண வரவேற்பு, ஹோட்டல் கூடம், கம்பெனி விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார்கள். ஆளோ குச்சி, வாசிப்பதோ உள்ளதிலேயே தடித்த தந்தி. அதனால் அவளுக்கு 'தடித்தந்தி' என்று பெயர் வைத்தவர் அவர். குழுவில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டு, கடைசியில் அழைப்பிதழில்கூட அச்சாகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். "நீங்க இல்லாத மேடையில நான் ஏற மாட்டேன். கித்தாரைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவேன். எழுதி வெச்சுக்கோங்க."  மறுநாள் காலையில் அவர் இசைக்கருவிக் கடைக்காரருக்குப் போன் போட்டு, பேஸ் வாசிக்கிறவர் மேடையில் பக்கத்தில் வைத்துக்கொள்கிற மாதிரி சின்னதாக ஒரு கீபோர்டு வேண்டும் என்று கேட்டார். வாசிப்பாயா என்று அவளிடம் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. எது என்று மட்டும்தான் கேட்டார். இது தந்திரம் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கீபோர்டு என்று பேச்செடுத்தால் அவர் முகத்தில் பழைய ஆள் வந்துவிடுகிறார். அந்த ஆளைப் பார்ப்பதற்காக அவள் தெரிந்தே ஏமாந்தாள்.

கடைக்காரர் இன்று காலையில் இரண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாயங்காலம் வரேன். ஒண்ணை வெச்சுக்கோங்க, ஒண்ணைக் குடுத்துடுங்க" என்று போயிருந்தார். ஒன்று முழு அளவுக் கட்டைகளோடு நான்கு ஸ்தாயி நீளம். இன்னொன்று ஒரு கையால் தூக்கிவிடலாம். கட்டைகளும் சின்னவை, உள்ளேயே ஸ்பீக்கர், பாட்டரியில் ஓடும்.

"அது பொம்மைங்க. என் விரல் ஒரே நேரத்துல ரெண்டு கட்டையில விழுது."

"உன் விரலா? எலும்புக்கு மேல நகம் முளைச்சிருக்கு, அது ரெண்டு கட்டையில விழுதா? கொண்டா இங்க."

சின்னதை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அவர் வலது கையின் மூன்று விரல்களை நடுங்க நடுங்கக் கட்டைகளின் மேல் வைத்தார். வைத்ததும் நடுக்கம் நின்றுவிட்டது. மெல்லிய ஆர்கன் ஒலி எழுந்தது. இடது கையால் ஓரத்திலிருந்த ஒரு பட்டனை அமுக்கினார். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இதுக்குப் பேரு ஹோல்டு. இப்பப் பாரு."

கையை எடுத்தார். ஒலி போகவில்லை. விரல்கள் இருந்த இடத்தில் எதுவுமே இல்லை, மூன்று ஸ்வரமும் சேர்ந்து ஒலிக்கிற அந்தக் கார்டு மட்டும் அப்படியே நின்றது.

அவள் சட்டென்று குனிந்து பட்டனை அணைத்தாள். "இது கள்ளாட்டம்."

"என்ன கள்ளாட்டம்?"

"கையெடுத்தா சத்தம் அடங்கணும். அதுதான் நியாயம்."

பேஸ் வாசிக்கிறவள் அப்படித்தான் சொல்வாள். தந்தியைத் தட்டுவது அந்த வித்தையில் பாதிதான். தட்டியதைச் சரியான இடத்தில் உள்ளங்கை வைத்து அடக்குவது மீதிப் பாதி. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பாட்டு முடிந்த பிறகு அவளுடைய தந்தி ஒரு நூல்கூட இழுத்து யாரும் கேட்டதில்லை.

"பெருசுக்கு மிதி இருக்கு" என்றாள். "காலால மிதிச்சுக்கிட்டா கார்டு நிக்கும். மிதிச்சிருக்கிற வரைக்கும்தான் நிக்கும். அதுல பொய் இல்ல."

"உன் கால் தாளம் போடுமே. அதை யாரு நிறுத்தறது? ரெண்டு கையும் தந்திக்கு, ஒரு கால் தாளத்துக்கு, இன்னொரு கால் மிதிக்கு... எதை ஊனி நிப்பே? பறப்பியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"தடித்தந்தி. மேடையில உன் ரெண்டு கையும் தந்தியில இருக்கும். அப்பக் கட்டையில இருக்கிறது யாரு கை?"

அவள் கித்தாரின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"கடைசிப் பாட்டோட முடிவை மட்டும் வாசிச்சுப் பாப்போம்" என்றார். "அதுல தேறினா சின்னது. தேறலேன்னா உன் இஷ்டம். நான் வாயே திறக்கல."

எந்த நிகழ்ச்சியானாலும் அவர்களுடைய கடைசிப் பாட்டு ஒன்றுதான். அதன் முடிவில் அவர் ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டே நிற்பார். டிரம்ஸ் அடங்கிவிடும். பேஸ் மட்டும் படிப்படியாகக் கீழே இறங்கி, தடித்த தந்தியின் கடைசி ஒலியில் வந்து சேரும். அவள் வந்து சேராமல் அவர் கையெடுக்கக் கூடாது. அது கல்யாணமான புதிதில் அவர்களுக்குள் ஆன ஒப்பந்தம். சில நாள் வேண்டுமென்றே இறங்குவதுபோல இறங்கி மறுபடி மேலே ஏறிவிடுவாள். "பசிக்குதுடி, வந்து சேரு" என்று பின்னாலிருந்து அவர் குரல் கேட்கும்.

கித்தாரின் சின்ன ஆம்ப்ளிஃபயரைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஜன்னல் பக்கம் திரும்பி உக்காரு. என்னைப் பாக்காத. மேடையில நான் உன் முதுகுக்குப் பின்னாலதானே நிப்பேன்? கேட்டு வாசி."

திரும்பினாள். வெளியே எதிர்வீட்டு மாடியில் யாரோ துணியை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் கார்டு எழுந்தது. பட்டன் அமுங்குகிற சத்தமும் கேட்டது. அவள் தந்தியைத் தொட்டாள்.

முதல் சில அடிகள் கடமைக்குத்தான் வாசித்தாள், தேறவில்லை என்று சொல்வதற்காக. அப்புறம் அது நடந்தது. அவர் பிடிக்கிற கார்டில் எப்போதும் ஒரு சின்ன அசைவு இருக்கும். விரல் களைக்கும், மறுபடி அழுத்தும். இதில் அது இல்லை. தரை மாதிரி இருந்தது. அதன்மேல் எங்கே கால் வைத்தாலும் தாங்கியது. அவள் ஒரு படி இறங்கினால் அதே கார்டு வேறு முகம் காட்டியது. இன்னொரு படி இறங்கினால் அறையே கொஞ்சம் பெரிதானது. மேஜையில் இருந்த டம்ளர் தண்ணீர் அவள் தட்டும்போதெல்லாம் வட்டம் வட்டமாக நடுங்கியது. இத்தனை காலம் வாசித்தும் இந்தப் பாட்டுக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். பயமாக இருந்தது. ஆனால் ஓடத் தோன்றவில்லை. அப்படியே கைகூப்பி நிற்கத் தோன்றுகிற பயம் அது.

கடைசிப் படிக்கு வந்து, இறங்காமல், மறுபடி மேலே ஏறினாள். பசிக்குதுடி என்று குரல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவரும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், மனிதருக்கு வாயடைத்துப் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு இன்னும் நீட்டினாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கொழுந்தன் வருகிறான். பாதிப் படியிலேயே அவனுடைய சந்தோஷம் கேட்டது. "அடேயப்பா! அண்ணன் கை இன்னிக்கு என்ன உறுதியா நிக்குது!" உள்ளே வந்தவன் சும்மா நிற்க முடியாமல் கதவில் விரலால் தாளம் போட ஆரம்பித்தான். மூன்று பேரும் வாசித்தார்கள். கொஞ்ச நேரம் அது அப்படியே இருந்தது.

தாளம் நின்றது.

"அண்ணி" என்றான். பிறகு, "அண்ணி, திரும்புங்க."

திரும்பினாள். அவருடைய இரண்டு கைகளும் கீபோர்டின் இரண்டு பக்கமும் போர்வையின் மேல் மல்லாந்து கிடந்தன. தலை அவள் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண் பாதி மூடி, கவனமாகக் கேட்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கார்டு நின்றுகொண்டிருந்தது.

எந்தப் படியில் அவர் போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் வாசிக்கிறார் என்று நம்பி, அவர் இல்லாத ஒலியோடு அவள் வாசித்திருக்கிறாள். எங்கேயும் தடுக்கவில்லை.

கொழுந்தன் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். அப்புறம் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பட்டனை நோக்கிக் கையை நீட்டினான்.

"இருக்கட்டும் தம்பி."

"அண்ணி, ஆளுங்க வருவாங்க..."

"வரட்டும். நான் இன்னும் வந்து சேரல."

அவனுக்கு ஒப்பந்தம் தெரியும். கையை எடுத்துக்கொண்டான்.

கீழ்வீட்டு டாக்டர் அம்மா வந்து நாடி பார்த்து, கண்ணிமையைத் தூக்கிப் பார்த்து, அவள் தோளில் கை வைத்தார். ஆக்சிஜன் இயந்திரத்தை அணைத்தார். அந்த உறுமல் நின்றதும் கார்டு இன்னும் தெளிவாகக் கேட்டது. டாக்டர் கீபோர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தார் வந்தார்கள். படியில் பேசிக்கொண்டே ஏறி வந்தவர்கள் வாசலில் பேச்சை நிறுத்தினார்கள். வாயைத் திறந்து அழ வந்த ஒரு அம்மாள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றுவிட்டாள். யாரும் யாரையும் அடக்கவில்லை. அந்த ஒலி இருக்கிற அறையில் சத்தம் போட யாருக்கும் மனம் வரவில்லை.

வெயில் சாய்ந்து ஜன்னலை விட்டு விலகியபோது கடைக்காரர் வந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. வாசலில் இருந்த செருப்புகளைப் பார்த்துத் திகைத்து, உள்ளே வந்து, கட்டிலைப் பார்த்துக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது இருக்கட்டும்மா. அப்புறமா ஒரு நாள் வந்து பாத்துக்கறேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லித் திரும்பப் போனார்.

"இல்லீங்க" என்றாள் அவள். "பெருசை எடுத்துட்டுப் போங்க."

கொழுந்தன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

கடைக்காரர் இஸ்திரிப் பலகையிலிருந்து பெரிய கீபோர்டை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் கித்தாரை மறுபடி மாட்டிக்கொண்டு கட்டிலருகே போனாள். விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை மேலே ஏறவில்லை. ஒவ்வொரு படியாக, நின்று நின்று இறங்கினாள். கடைசிப் படியில் தடித்த தந்தியைக் கட்டைவிரலால் தட்டிவிட்டு, அந்தக் கையாலேயே எட்டிப் பட்டனை அமுக்கினாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது. கார்டு ஓய்ந்தது.

தந்தி மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. வழக்கம்போல் அதை அடக்க எழுந்த உள்ளங்கையைக் கொண்டுபோய் அவருடைய கையின்மேல் வைத்தாள். கடைக்காரர் ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்தபடியே நின்றிருந்தார். டம்ளர் தண்ணீரில் வட்டங்கள் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, தண்ணீர் தானாக அடங்குகிற வரை யாரும் அசையவில்லை.